கனக்கத் தேய்த்த பிளாற்றினம்

1

எங்கள் ஆய்வுகூடத்தில் சன்னலோரத்து அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளை வாளி இருக்கிறது. உள்ளே கோதுமை மாவை விட நைசான ஒரு தூள். பெயர் தைத்தேனியம் ஒட்சைட்டு, ஆங்கிலத்தில் டைட்டானியம் ஒக்சைட். நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும் மூலகங்கள் என் வாயில் முதலில் திருகோணமலைப் பள்ளிக்கூடத்துத் தமிழில்தான் வரும். ஐதரசன், ஒட்சிசன், காபன். பிறகுதான் இந்த ஊர்ப் பாஷைக்கு மாற்றுவேன். அந்த அரை நிமிடத்தில் எதிரே நிற்பவர், எனக்கு விஷயம் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, தானே பதிலைச் சொல்லிவிடுவார். சரி, சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தத் தூள் எங்கள் மாவட்டத்து மணலாக இருக்கலாம் என்று இங்கே பலரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா, நல்லது" என்று விட்டுக் கோப்பியைக் குடிக்கிறார்கள். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணல் கப்பலேறிப் போய், எங்கேயோ ஒரு ஆலையில் அமிலத்தில் கிடந்து வெந்து, இப்படி வெள்ளைத் தூளாகிறது. பெயின்றிலும் இருக்கிறது, பற்பசையிலும் இருக்கிறது. எங்கள் அப்பா துறைமுகத்து இறங்குதுறையில் அந்த மணலைக் கப்பலில் ஏற்றும் கிரேன் ஓட்டினவர். வேலையால் வந்தால் களிசான் கால் மடிப்புக்குள்ளிருந்து கறுப்பாக, மினுமினுவென்று கொட்டும். குசினி வரைக்கும் நடந்து வந்துவிடுவார். அம்மாவின் வாய் அன்று இரவு வரை ஓயாது. வெள்ளைத் தூளை முதல் முதலாக இங்கே கையில் எடுத்த அன்று நான் அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "உந்தக் கறுப்பிலயிருந்து வெள்ளையோ?" என்று கேட்டவர், நான் பகிடி விடுகிறேன் என்றே கடைசி வரை நினைத்திருந்தார்.

போன வருடம் ஐப்பசியில் அப்பா மோசம் போனார். நான் போகவில்லை. போக ஏலவில்லை.

2

ஏன் ஏலவில்லை என்று ஊரில் கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இங்கே வதிவிட அனுமதிக்கு ஒரு அட்டை தருவார்கள். காலாவதியானால் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பொலிஸ் நிலையத்தில் நேரம் எடுக்க வேண்டும். நேரம் கணினியில்தான் கிடைக்கும், கணினியிலோ நேரம் இருக்காது. கடைசியில் கிடைத்துப் போய்க் கையெழுத்தும் விரல் அடையாளமும் கொடுத்துவிட்டு, புது அட்டை தபாலில் வரும் என்று காத்திருந்த அந்த இடைவெளிக்குள்தான் தம்பியின் போன் வந்தது. நாட்டை விட்டு வெளியேறலாம், தடை இல்லை, ஆனால் திரும்பி உள்ளே வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று பொலிஸ் நிலையத்துப் பெண் அலுவலர் வலு மரியாதையாகச் சொன்னார். மகளுக்குப் பள்ளிக்கூடம், என் கணவருக்கு வேலை, வீட்டுக் கடன். நான் கதிரையில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் அப்பாவின் செத்த வீட்டைப் பார்த்தேன். படம் இடைக்கிடை உறைந்து நிற்கும். அப்பாவின் முகம் ஒரு தடவை அப்படித்தான் நெடுநேரம் நின்றது.

என் மகள் ஆரணி எனக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பதினாறு வயசு. பிறகு தன் அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு அது யாரோ ஒரு தாத்தா, சின்ன வயசில் தோளில் தூக்கித் திரிந்த ஒருவர் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

ஆரணியின் கதையைச் சொன்னால் உங்களில் கன பேர் தலையாட்டுவீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஐந்தாம் வகுப்போடு முழுக்குப் போட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வீஜிய மொழியில் பதில் சொல்வாள். வீட்டுக்கு யாரும் வந்தால் "வணக்கம்" என்று ஒரு சொல், அதோடு கதவு சாத்திவிடும். இரண்டு முறை ஊருக்குப் போகக் கூப்பிட்டு இரண்டு முறையும் வரமாட்டேன் என்றுவிட்டாள். வெயில், நுளம்புக் கடி, எல்லாரும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். காரணங்கள் நியாயமானவைதான்.

இந்த வருடம் ஆண்டுத் திவசத்தின் திதி பள்ளிக்கூட இலையுதிர் விடுமுறையோடு ஒட்டி வந்தது. வழக்கம்போலக் கேட்டேன், வழக்கம்போல மறுப்பாள் என்று. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "தாத்தாட கிரேனைக் காட்டுவீங்களெண்டா வாறன்."

தமிழில்தான் சொன்னாள். நான் உடனே விமான ரிக்கற் போட்டேன். மனம் மாறிவிடுமே என்ற பயம். விடுமுறைக்கு மேல் இரண்டு நாள் எடுக்கப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், அதற்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு விளக்கம் என்று அந்தப் படலமும் நடந்தது. "இறந்தவருக்கு ஒரு வருடம் கழித்து ஏன் சடங்கு?" என்று வகுப்பாசிரியர் எழுதிக் கேட்டிருந்தார். நாங்கள் அப்படித்தான் என்று எழுதி அனுப்பினேன். விட்டுவிட்டார்கள்.

அட்டையும் கையில் இருந்தது. எல்லாம் சரி. அப்போதுதான் நான் போய் என் கையாலேயே வில்லங்கத்தை விலைக்கு வாங்கினேன்.

3

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சோதனை வைக்க மாட்டேன்.

இங்கே ஐதரசனில் ஓடும் படகுகளைக் கட்டிப் பார்க்கிறார்கள். ஐதரசனுக்குள் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு துளி கலந்திருந்தாலும் படகின் மின்கலம் கெட்டுவிடும். அந்த நச்சை வழியிலேயே பிடித்து மாற்றிவிட ஒரு ஊக்கி வேண்டும். அந்த ஊக்கியைச் செய்வது நான். பிளாற்றினம்தான் வேலைக்காரன். ஆனால் கட்டியாக வைத்தால் வெளியே தெரியும் அணுக்கள் மட்டும் உழைக்கும், உள்ளே இருப்பதெல்லாம் சும்மா கிடக்கும். அதனால் அதைக் கண்ணுக்குத் தெரியாத மணிகளாக்கி, ஒட்சைட்டுத் தூள் ஒன்றின் மேல் பரப்பி விடுவோம். அந்த ஒட்சைட்டைத் தாங்கி என்கிறோம்.

நான் இங்கே வந்த புதிதில் தாங்கி என்றால் கதிரை என்று நினைத்திருந்தேன். ஆள் இருக்க ஒரு இடம், அவ்வளவுதான். பல வருடம் நான் வேலை செய்த அலுமினியம் ஒட்சைட்டு அப்படித்தான், வலு அமைதியான பிறவி. எவ்வளவு சூடாக்கினாலும் தன்பாட்டில் கிடக்கும். தைத்தேனியம் ஒட்சைட்டு அப்படியல்ல. உலோக மணியும் ஒட்சைட்டும் தொடுகிற விளிம்பில் அது தன் ஒட்சிசனைக் கொடுக்கும், எடுக்கும், மணியோடு சேர்ந்து வேலை செய்யும். அதனால்தான் இந்தப் படகுக்கு அதைத் தெரிவு செய்தோம். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஐதரசனுக்குள் வைத்து அதிகம் சூடாக்கினால் ஒட்சிசனை இழந்து இளகி, மெல்ல ஊர்ந்து போய், உலோக மணியின் மேலேயே ஏறி மூடிக்கொள்ளும். கதிரை எழும்பி ஆளின் தலையில் ஏறி இருப்பதை யோசித்துப் பாருங்கள்.

இது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நானே மாணவர்களுக்குப் படம் கீறிக் காட்டியிருக்கிறேன்.

படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய ஊக்கி முழுவதும் ஒரே தொகுதியாகச் செய்து முடிந்திருந்தது. அனுப்ப முன்னம் ஐதரசனில் இளஞ்சூட்டில் ஒரு தடவை சுத்தம் செய்து, எவ்வளவு பிளாற்றினம் வேலைக்கு வெளியே நிற்கிறது என்று அளந்து பார்ப்பது வழக்கம். அளந்தேன். இலக்கம் நான் எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் குறைவு. மேலே ஏதோ அழுக்கு இருக்கிறது, சுத்தம் போதாது என்று நினைத்தேன். சூட்டைக் கூட்டி முழுத் தொகுதியையும் திரும்ப அடுப்புக்குள் விட்டேன்.

அலுமினியம் ஒட்சைட்டு என்றால் அது சரியான வைத்தியம். படித்தது தலைக்குள் இருந்தது, கை பழைய கையாகவே இருந்துவிட்டது. இந்தக் கை எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வெள்ளி தோறும் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்குவது என் வேலை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தேய்" என்பா. எவ்வளவு தேய்த்தாலும் இன்னும் கொஞ்சம். அந்த விளக்கின் அடியில் கலியாணத்தின்போது வெட்டுவித்த அப்பாவின் பெயர் இருந்தது. "ரெண்டு பேருமாச் சேர்ந்து என்ர பேரை அழிச்சுப் போட்டுத்தான் விடுவியள்" என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து நக்கலடிப்பார்.

அடுத்த நாள், வியாழக்கிழமை, திரும்ப அளந்தேன். இலக்கம் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விமானம்.

4

எங்கள் பகுதித் தலைவர் ஓலாவ். இங்கே தலைவரையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அது எனக்குப் பழக வருடங்கள் எடுத்தது. ஒருவரை நீங்கள் என்று கூப்பிட இந்தப் பாஷையில் ஒரு சொல் இருந்தது, பழைய பாடப் புத்தகத்தில் நான் படித்தது, இப்போது அரசரைத் தவிர வேறு யாருக்கும் சொல்வதில்லை. அன்று ஓலாவின் அறைக்குள் போய் நடந்ததைச் சொல்லத் தொடங்கியபோது பதற்றத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது. ஆள் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தலையில் கிரீடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நல்ல மனிசன். பிறகு முழுக்கக் கேட்டுவிட்டு முகம் மாறிப் போனார்.

விஷயம் இவ்வளவுதான். ஒன்று, தாங்கி ஏறி மூடியிருக்கலாம். அப்படியென்றால் பிளாற்றினம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, திரும்ப எடுக்கலாம். அல்லது அந்தச் சூட்டில் மணிகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். அப்படியென்றால் அவ்வளவுதான், பிரித்தெடுக்க எங்களிடம் வழி இல்லை, முழுவதும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டுக்கும் நான் பார்த்த இலக்கம் ஒன்றுதான். எதுவென்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் பெரிய நுணுக்குக்காட்டி வேண்டும், அதற்கு வரிசை அடுத்த மாதம் வரை. படகுக்காரரோ அடுத்த கிழமை சாமானை ஏற்ற வருகிறார்கள். இந்தத் தூளைச் செய்யத் தெரிந்த மற்றவள் பிள்ளை பெற்று விடுமுறையில் நிற்கிறாள்.

கட்டியாகியிருந்தால் உன் பயணத்தைப் பின்போட வேண்டி வரும் என்றார் ஓலாவ். மன்னிப்புக் கேட்பது போலத்தான் சொன்னார். திதியைப் பின்போட ஏலாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு வேறு ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர, திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து தம்பியின் போன்.

"அக்கா, ஐயருக்குச் சொல்லிப்போட்டன். உங்களைக் கூட்டிவர வானும் பிடிச்சாச்சு. ஆரணி உண்மையா வாறாளோ?"

"ஓம், வாறாள்."

"இந்த முறை ஒண்டும் குழம்பாதுதானே, அக்கா? அம்மா ஒரே கேட்டுக்கொண்டிருக்கிறா."

குழம்பாது என்றேன். வேறு என்ன சொல்ல? போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் வந்து குழாயைப் பூட்டினார். போன முறை அட்டை, இந்த முறை அடுப்பு என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பக்கத்தில் நின்றார். பிறகு விளங்கப்படுத்தினேன். ஆரணி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

5

மருந்து எளியது. ஐதரசனுக்குப் பதிலாகக் காற்றில் வைத்துச் சூடாக்க வேண்டும். இழந்த ஒட்சிசனைத் தாங்கி திரும்ப எடுத்துக்கொண்டு, மணியை விட்டு இறங்கித் தன் இடத்துக்குப் போகும். மூடினது அதுதான் என்றால் மட்டும். வெள்ளிக்கிழமை ஒரு கரண்டித் தூளை மட்டும் எடுத்து அப்படிச் செய்தேன். பிறகு ஐதரசனை இளஞ்சூட்டில், குழந்தைக்குப் பால் காய்ச்சுவது போலப் பயந்து பயந்து விட்டேன். அளப்பதை அடுத்த நாளுக்கு வைத்தேன்.

சனிக்கிழமை காலை நான் சப்பாத்தைப் போட, ஆரணியும் சப்பாத்தைப் போட்டாள். எங்கே என்று கேட்டேன். உங்களோடு என்றாள். சனிக்கிழமையில் மதியம் வரை எழும்பாத பிள்ளை.

அவளை ஆய்வுகூடத்துக்குள் விட ஏலாது. கண்ணாடிக்கு வெளியே கணினித் திரை இருக்கும் மேசையில் இருத்தினேன். பக்கத்தில் நானும் இருந்தேன். உள்ளே இயந்திரம் தன்பாட்டில் ஓடும். வாயுவை ஒரு மிடறு ஒரு மிடறாகத் தூளின் மேல் அனுப்பும், மறுபக்கத்தால் வெளியே வருவது திரையில் குன்று போல எழும்பும். வியாழக்கிழமை பார்த்த திரை அவளுக்குத் தெரியும், நான் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததை வழியில் பஸ்ஸில் வாங்கிப் பார்த்திருந்தாள். வரிசையாக அழகான குன்றுகள். அது என்னவென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குக் கதைக்கிற நிலைமை இல்லை.

முதல் மிடறு போன சத்தம் கேட்டது. கோடு நேராக ஓடியது.

இரண்டாவது மிடறு. கோடு நேராகவே ஓடியது.

கதைத்தால் கெட்டுவிடும் என்பது போல வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். மூன்றாவது மிடறும் போனது. ஒன்றும் எழும்பவில்லை.

அப்போது ஆரணி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"ஒண்டும் வரேல்லையே, அம்மா. அப்ப நாங்கள் தாத்தாட்டப் போகேலாதா?"

தாத்தாட்ட என்றாள். தாத்தா இல்லாத ஊருக்கு. ஒரு வருடமாக அந்தப் பிள்ளை தன் அறைக்குள் எதை வைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. கவலை இல்லாதவள் என்று நான் நினைத்த நேரமெல்லாம் அவளுக்குக் கவலை இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

"இல்லையடி செல்லம்," என்றேன். "வராட்டித்தான் நல்லது. வெளியில வாறது தூள் பிடிக்காமல் விட்ட வாயு. இப்ப எல்லாத்தையும் அது பிடிச்சு வைச்சிருக்கு. பிளாற்றினம் உள்ளுக்குள்ள அப்பிடியே இருக்கு."

பஸ்ஸில் பார்த்த குன்றுகள்தான் நல்லது என்று நினைத்திருந்தவள், திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். போன வருடம் இரண்டு பேரும் தனித்தனியாக அழுததைச் சேர்த்து அழுதோம் என்று நினைக்கிறேன். நாலோ ஐந்தோ மிடறுக்குப் பிறகு, வயிறு நிறைந்த தூள் வாயுவை விடத் தொடங்கியது. திரையில் சின்னதாக ஒரு குன்று எழும்பியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது சரியா?" என்று கேட்டாள். இதுவும் சரி, இனி எல்லாம் சரி என்றேன்.

ஓலாவுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை வெறும் பெயர்தான் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் போனுக்குள்ளே சத்தமாகச் சிரித்தது ஆரணிக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுத் தொகுதியும் காற்றில் சூடானது. திங்கட்கிழமை பெட்டியில் ஏறியது. செவ்வாய்க்கிழமை நாங்கள் விமானத்தில் ஏறினோம். ஊக்கியும் நாங்களும் தப்பினோம். இருக்கையில் பட்டியைப் பூட்டியதும் எனக்கு வந்த நித்திரை, ஒரு வருடத்து நித்திரை.

6

கொழும்பிலிருந்து தம்பி வானோடு வந்து கூட்டிப் போனான். கப்பல்துறை என்ற ஊரைத் தாண்டியதும் ஆரணி சன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே போட்டாள். குடாவின் அந்தப் பக்கத்தில் கப்பல் ஒன்றும், பக்கத்தில் கிரேன்களும் நின்றன. தாத்தாவின் கிரேன் எது என்று கேட்டாள். தம்பி வானை நிறுத்தி, இரண்டில் ஒன்று, வலது பக்கமாக்கும் என்றான். அவனுக்கும் நிச்சயமில்லை. போனை எடுத்தாள். "நேவிக்காரர் நிக்கிறாங்கள், படம் எடுக்காதை பிள்ளை" என்று மாமன் சொல்ல, போனை மடியில் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் வானை எடுக்கச் சொல்லவில்லை.

திவசத்துக்கு முதல் நாள் வீடு கழுவி, பாத்திரம் மினுக்கி ஒரே அமளி. தம்பியின் மனைவி குத்துவிளக்கையும் பழப்புளியையும் ஆரணியின் கையில் கொடுத்துக் கிணற்றடியில் இருத்திவிட்டா. அம்மா உள்ளே சாமான் எடுத்து வைக்க, நான் மரக்கறி வெட்டிக்கொண்டு பார்த்தேன். பிள்ளை நன்றாகத்தான் தேய்த்தாள். பிறகு கையை நிறுத்தினாள். விளக்கைக் கவிழ்த்து, அடியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"க," என்றாள். "ந்." கொஞ்ச நேரம் எடுத்தது. "த. கந்த." அதற்கு மேல் தேய்ந்துபோய்க் கிடந்தது. மிச்சம் இருந்த "சாமி"யை அம்மாவும் நானும் பல வருடத்துக்கு முன்னமே அழித்துவிட்டோம். "இது தாத்தாட பேரா?"

ஓம் என்றேன். அவள் அந்த இடத்தை விரலால் தடவினாள்.

தம்பியின் மனைவி வாளியோடு வந்து எட்டிப் பார்த்தா. "எழுத்துக்குள்ள கறுப்பு இருக்கு, பிள்ளை. அதில இன்னும் கொஞ்சம் தேயுங்கோ."

"காணும் மாமி, தேய்ச்சது போதும்," என்றாள் ஆரணி. "கனக்கத் தேய்ச்சா என்ன நடக்குமெண்டு அம்மாவைக் கேளுங்கோ."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் விளக்கைத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்து, உள்ளே கொண்டுபோய் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அடுத்த நாள் அதைத்தான் ஏற்றினோம், எழுத்துக்குள் கறுப்போடேயே.